காணப்படாத நூல்களின் பட்டியல்

“ஈடு செய்ய முடியாத இழப்பு” என்ற இடம் வந்ததும் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஈரம் ஏதும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் துடைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இருபது வருட மேடை அனுபவம் சும்மாவா?

வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவள் அந்தப் பள்ளியின் நூலகர். நேற்று மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பையைக் கீழே வைத்து, “கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றவள், தண்ணீர் வருவதற்குள் போய்விட்டாள். ஐம்பத்தொரு வயது. தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தவர் அவள் கணவர்.

அவரை எல்லோரும் ஸ்டாக்கு என்பார்கள். மோட்டார் உதிரிபாகக் கடையில் முப்பது வருடமாகக் கவுண்டரில் நிற்பவர். எந்த வண்டிக்கு எந்த வாஷர், அது எந்த ரேக்கில் எத்தனையாவது பெட்டியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இரங்கல் தீர்மானத்தை அவர் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஈடு செய்ய முடியாத இழப்பு. இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று மனசு துழாவியது. துழாவிய கை சரியான பெட்டியில் போய் நின்றது.

பதினோரு நாளைக்கு முன்னால் அவளுக்கு வந்த மெமோவில் இருந்தது. “நூற்று நாற்பத்து மூன்று நூல்கள் காணப்படவில்லை. இது பள்ளிக்கு ஈடு செய்ய முடியாத இழப்பாகும்.”

புத்தகம் போனாலும் அதே இழப்பு. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டவள் போனாலும் அதே இழப்பு. கடையில் சில பேர் இப்படித்தான், கையில் இருக்கும் ஒரே நட்டை எல்லா போல்ட்டிலும் திருகிப் பார்ப்பார்கள்.

பின்வரிசையில் இரண்டு பெண்கள் மௌனமாக இருக்க முயன்றுகொண்டிருந்தார்கள்.

“புத்தகம் ஏதோ குறையுதாமே?”

“நூறுக்கு மேலயாம். அந்தம்மா அப்படிப்பட்டவங்க இல்ல. என்ன கஷ்டமோ, பாவம்.”

அந்தப் ‘பாவம்’தான் ஸ்டாக்குவின் நெஞ்சில் ஏறியது. திருடி என்று சொல்லியிருந்தால்கூட எதிர்த்துச் சண்டை போடலாம். பாவத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

தீர்மானம் முடிந்தது. இரண்டு நிமிட மௌன அஞ்சலியைத் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐம்பது விநாடியில் முடித்துவைத்தார். தாளை மடித்து, இரண்டு கைகளாலும் ஏந்தி, விருது கொடுக்கிற தோரணையில் ஸ்டாக்குவிடம் நீட்டினார். பக்கத்தில் யாராவது படம் எடுக்கிறார்களா என்று ஒரு பார்வையும் போய் வந்தது.

ஸ்டாக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

“சார், இதுல ஒண்ணு விட்டுப்போச்சு.”

“என்ன சார்? சொல்லுங்க, சேர்த்துக்கலாம்.”

“அந்த நூத்தி நாப்பத்திமூணு புத்தகமும் இருக்குன்னு சொல்லலியே.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் மூன்றாவது வரிசைவரை கேட்கும் குரல் அது. “இந்த நேரத்துல அதெல்லாம் எதுக்கு சார்? அது விசாரணையில இருக்கற விஷயம். ஒண்ணு மட்டும் சொல்றேன், இனிமே அவங்க மேல எந்த நடவடிக்கையும் இருக்காது. மனிதாபிமான அடிப்படையில அதை அப்படியே விட்டுடறதா நிர்வாகம் முடிவு பண்ணியிருக்கு.”

“விட்டுடறீங்களா?”

“ஆமா. மன்னிச்சு விட்டுடறோம்.”

நூலகரின் அண்ணன் குறுக்கே வந்தார். அவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். பதவியில் இருக்கும் யாரைக் கண்டாலும் முதுகு தானாக வளைந்துகொள்ளும். “மாப்ளே, பெரிய மனுஷர் வீடு தேடி வந்திருக்கார். மன்னிச்சுட்டேன்னு அவரே சொல்றப்போ…”

“என்ன தப்புக்கு மச்சான் மன்னிக்கறார்?”

மச்சான் பெரிய மனுஷரைப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பள்ளியில் ‘மின்னணு நூலகம்’ திறக்கப்போகிறார்கள். அதாவது ஒரு கம்ப்யூட்டர், அதன் மேல் போர்த்த ஒரு வெல்வெட் துணி. தாளாளர் கையால் துணியை விலக்குவதற்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் ஏதாவது இருக்க வேண்டுமே என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. நூலகர் இருபத்திரண்டு வருடமாகக் கையால் எழுதி வந்த பதிவேட்டை எடுத்துப் போனார்கள். விளையாட்டு வாத்தியார் உரக்க வாசிக்க, அலுவலக எழுத்தர் கேட்டுக் கேட்டுத் தட்டினார். விளையாட்டு வாத்தியாரின் நாக்குக்கு ல, ள, ழ மூன்றும் ஒரே பந்துதான். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருளும். எழுத்தரின் காதும் அதற்குத் தோதான காது. ‘தவளையின் வயிறு’ என்ற உயிரியல் புத்தகம் ‘தவலையின் வயிறு’ என்று பாத்திரக் கடைக்குப் போனது. ‘புலி வரும் பாதை’யில் புளி வந்தது. ‘பல்லிகள்: நூறு கேள்விகள்’ என்பது ‘பள்ளிகள்: நூறு கேள்விகள்’ ஆனது. அதைக் கேட்க வேண்டியதும்தான்.

பிறகு ஆசிரியர்கள் சிலர் அலமாரி அலமாரியாகப் போய், அட்டையைப் பார்த்து ஒழுங்காக இன்னொரு பட்டியல் எழுதினார்கள். இரண்டையும் ஒப்பிடச் சொன்னபோது கம்ப்யூட்டர் கையை விரித்தது. தவலையும் இல்லை, புளியும் இல்லை.

மெமோ வந்த அன்று ராத்திரி அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நூற்று நாற்பத்து மூன்றுக்கும் பதில் எழுதினாள். எந்தப் பெயர் எந்தப் பெயராக மாறியிருக்கிறது, புத்தகம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில். அதோடு நிறுத்தியிருக்கலாம். மெமோவின் கடைசி வரியில் ‘மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விலக்கம் அளிக்கவும்’ என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தாலே பென்சிலை எடுப்பவள். அந்த ‘ல’வைச் சுழித்து மேலே ‘ள’ போட்டு, திருத்திய மெமோவையும் பதிலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஒரு எழுத்து போதுமானதாக இருந்தது. “பட்டியலில் கண்டுள்ள பெயரிலேயே நூல்களை ஒப்படைக்கவும்” என்று உத்தரவு வந்தது. தவலையின் வயிற்றுக்கு அவள் எங்கே போவாள்? ஐந்தாம் நாள் நூலகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஆறு நாள், ஆசிரியர் அறையின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு அவளைச் சும்மா உட்காரவைத்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு நாள், “எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. ஆனா அவங்க பையை மூடிக்கிட்டுப் பேசறாங்க” என்றாள்.

டாக்டர் ரத்த அழுத்தம் என்றார். எதனால் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

“நாலு மணிக்குத்தான் எடுக்கறோம்” என்றார் ஸ்டாக்கு. “இப்ப மணி பத்தரை. ஸ்கூல் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு? வாங்க சார், போய்ப் பார்த்துடலாம்.”

“இப்பவா? பாடி இங்க இருக்கும்போதா?” மச்சான் தலையில் கை வைத்தார். “மாப்ளே, நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“அந்த நாலு பேர் என்ன பேசறாங்கன்னுதான் மச்சான் காலையில இருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“அது முறை இல்ல சார்” என்றார் தலைமையாசிரியர். “குழுவைக் கூட்டணும். தாளாளர் அனுமதி வேணும். போதாததுக்கு, சாவி யார்கிட்ட இருக்குன்னே…”

“சாவி எங்கிட்ட இருக்கு சார்” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

விளையாட்டு வாத்தியார். ஆறடி உடம்பை மாலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றவர், இப்போது முன்னால் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. தலைமையாசிரியர் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு இடமாற்ற உத்தரவே இருந்தது.

பெட்டியின் காலடியில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். உள்ளே போய் அம்மாவின் பையிலிருந்து, மெமோவோடு வந்த ஐந்து பக்கப் பட்டியலை எடுத்து வந்து அப்பாவிடம் கொடுத்தாள்.

“போய்ட்டு வாங்கப்பா. அம்மாகூட நான் இருக்கேன்.”

“நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேம்மா” என்றார் மச்சான்.

“சொல்றேன் மாமா. அப்பா, தண்ணி பாட்டில் எடுத்துக்கங்க.”

தன்னை விட்டுவிட்டுப் போனால் அங்கே என்ன நடக்குமோ என்ற பயத்தில் தலைமையாசிரியரும் பின்னால் நடந்தார்.

*

மனைவியை வண்டியில் கொண்டுவந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்ட கணக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். ஸ்டாக்கு நூலகத்துக்குள் காலெடுத்து வைத்தது இதுதான் முதல் தடவை.

கதவில் ஒட்டியிருந்த சீல் தாளை விளையாட்டு வாத்தியார் கிழித்தார். உள்ளே பதினெட்டு அலமாரிகள். நீள மேஜைகள் இரண்டு. ஓர் அலமாரிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு ஆள் திரும்பிக்கொள்கிற அளவு இடம். ஒவ்வொரு தட்டிலும் கையெழுத்துச் சீட்டு. ‘வானம், மேகம், மின்னல்’. ‘ஊர்வன: கடிக்காது, எடுத்துப் படி’. ‘சோகக் கதைகள்: பரீட்சை முடிந்த பிறகு’. சின்னப் பிள்ளைகளுக்கானவை கீழ்த்தட்டில், கனமான தொகுதிகள் இடுப்பு உயரத்தில். ஸ்டாக்கு அப்படியே நின்றுவிட்டார். அடிக்கடி கேட்பது கைக்கு எட்டுகிற இடத்தில், கனமானது இடுப்பு உயரத்தில். அவர் கடையில் போட்டிருந்த ஒழுங்கு இது. வீட்டில் ஒரு நாளாவது இதைப் பற்றி இருவரும் பேசியிருப்போமா என்று யோசித்தார். மல்லி டப்பாவை எங்கே வைப்பது என்று சண்டை போட்டதுதான் ஞாபகம் வந்தது.

“பட்டியலை நீங்களே படிங்க மாஸ்டர்” என்றார். “அன்னிக்குப் படிச்ச மாதிரியே படிங்க.”

“வேணாம் சார்.”

“படிங்க.”

விளையாட்டு வாத்தியார் தொண்டையைச் செருமினார். “ஒண்ணு. வாளைத் தோட்டம் போடுவது எப்படி.”

ஸ்டாக்கு அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். ‘செடி, கொடி, மண்’ என்ற சீட்டு கண்ணில் பட்டது. போனார், குனிந்தார், எடுத்தார். வாழைத் தோட்டம் போடுவது எப்படி. மேஜையில் வைத்தார்.

“ரெண்டு. அரம் சொன்ன கதைகள்.”

“அரம் எங்க கடையில இருக்கு மாஸ்டர். கதை ஏதும் சொன்னதில்ல.”

விளையாட்டு வாத்தியார் சிரிக்க முயன்றார், முடியவில்லை. “அறம் சார். வல்லினம். டீச்சர் எனக்கு மூணு தடவ சொல்லிக் குடுத்தாங்க.”

மூன்று. நான்கு. பத்து. தலைமையாசிரியர் நூலகர் மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்தார்.

“அதுல உக்காராதீங்க.”

ஸ்டாக்குவின் குரல் ஒன்றும் உயரவில்லை. ஆனாலும் தலைமையாசிரியர் நாற்காலியை இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டு நின்றார். கால் மாற்றி மாற்றி நின்றார்.

நாற்பதாவது புத்தகத்தில் ஸ்டாக்குவின் கை நின்றது. புத்தகத்தின் முதுகில் வெள்ளைச் சீட்டு, அதில் ஓர் எண். பட்டியலைத் திருப்பிப் பார்த்தார். பெயர் இருந்தது, ஆசிரியர் பெயர் இருந்தது. எண் இல்லை.

“மாஸ்டர், பதிவேட்டுல நம்பர் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு சார். ஒவ்வொண்ணுக்கும் இருந்துச்சு. அதையும் வாசிச்சா நேரமாகும், பேரை மட்டும் வாசின்னு…” அவர் வாக்கியத்தை முடிக்காமல் தலைமையாசிரியர் நின்ற திசையைப் பார்த்தார்.

“பார்ட் நம்பர் இல்லாம ஸ்டாக் எடுத்தீங்களா?”

முப்பது வருடத்தில் இப்படி ஒரு அக்கிரமத்தை அவர் கேள்விப்பட்டதில்லை. “ஏன் சார், ஒரு ரப்பர் வளையத்துக்கு ஊர்ல ஏழு பேரு இருக்கு. ஒருத்தன் புஷ்ஷுங்கறான், ஒருத்தன் வாஷருங்கறான், ஒருத்தன் ‘அந்த ரவுண்டா இருக்குமே, அது’ங்கறான். பேருங்கறது வாங்க வர்றவனுக்கு சார். நம்பர்தான் சார் கடைக்கு. எங்க கடையில நேத்து வேலைக்குச் சேர்ந்தவனுக்கு இது தெரியும். இத்தனை டிகிரி படிச்சிட்டு உங்களுக்குத் தெரியாதா? எல்லாப் புத்தகத்துக்கும் முதுகுல நம்பர் ஒட்டி வச்சிருக்கா சார் அவ! ஒட்டி வச்சிருக்கா!”

“நிர்வாகத்துல சில நடைமுறைச் சிக்கல்கள்…”

“அம்பத்தஞ்சு” என்று விளையாட்டு வாத்தியார் அவசரமாகப் படித்தார். “தவலையின் வயிறு.” படித்துவிட்டுப் பட்டியலைக் கீழே இறக்கினார். “தவளை தன் வாயால கெடும்பாங்க சார். இங்க என் வாயால தவளை கெட்டுச்சு. டீச்சரும் கெட்டாங்க.”

“நீங்க தப்பாத்தான் படிச்சீங்க மாஸ்டர். வேணும்னு படிக்கல. அடுத்தது சொல்லுங்க.”

ஒரு மணிக்கு மேஜை நிரம்பியது. இரண்டாவது மேஜைக்கு மாறினார்கள். தலைமையாசிரியர் இரங்கல் தீர்மானத்தோடு கொண்டுவந்திருந்த ஃபைலை இந்த அக்குளிலிருந்து அந்த அக்குளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். விளையாட்டு வாத்தியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ரெண்டாவது பட்டியலும் இருக்கு சார். அந்த ஃபைல்ல.”

“என்ன ரெண்டாவது?”

ஸ்டாக்கு தலைமையாசிரியரிடம் கையை நீட்டினார். கவுண்டரில் ரசீது கேட்டு நீட்டுகிற கை. அதற்குக் கொடுக்காமல் இருப்பது கஷ்டம். கோப்புக்குள் இன்னொரு மெமோ தயாராக இருந்தது. தேதி இன்றைய தேதி. “நிர்வாகத்தின் அனுமதியின்றி, பதிவேட்டில் இல்லாத நூற்று நாற்பத்து இரண்டு நூல்களைக் கூடுதலாக நூலகத்தில் வைத்திருந்தது குறித்து…” கீழே பட்டியல். தவளையின் வயிறு. புலி வரும் பாதை. வாழைத் தோட்டம் போடுவது எப்படி.

ஸ்டாக்கு அதை இரண்டு தடவை படித்தார்.

“தவலை குறையுதுன்னு ஒரு மெமோ. தவளை கூடுதலா இருக்குன்னு ஒரு மெமோ.”

வெளியே எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது.

“இன்னிக்கு இதைக் குடுக்கறதா இருந்தீங்க.”

“அது வழக்கமான நடைமுறைதான் சார். தனிப்பட்ட முறையில எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை.”

“அவ போகாம இருந்திருந்தா இன்னிக்குக் காலையில இதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பா. இல்ல?” அவர் முகத்தை மறைக்க மெமோவை மறுபடியும் படிப்பதுபோல் குனிந்தார். குனிந்த இடத்தில் எண்கள் இருந்தன. எண்ணைக் கண்டால் அவர் மூளை தானாக வேலை செய்யும். குறைவு நூற்று நாற்பத்து மூன்று. கூடுதல் நூற்று நாற்பத்து இரண்டு.

“ஒண்ணு வெளிய போயிருக்கு” என்றார்.

மீதியையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு பட்டியலையும் வரிசையாக ஒப்பிட்டார்கள். விடுபட்டது நூற்றுப் பன்னிரண்டாவது: ‘மேடைப் பேச்சு: முன்னூரு மாதிரிகள்’. ‘பேச்சு, பாட்டு, நாடகம்’ தட்டில் ஒரு புத்தகம் நிற்கிற அளவு இடைவெளி இருந்தது. இடைவெளியில் ஓர் அட்டை செருகியிருந்தது. புத்தகம் வெளியே போனால் அந்த இடத்தில் அவள் செருகி வைக்கிற அட்டை. எடுத்தவர் பெயர், தேதி, கையொப்பம்.

மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. பச்சை மையில் கையொப்பம். பள்ளியில் பச்சை மை பேனா வைத்திருப்பவர் ஒருவர்தான்.

விளையாட்டு வாத்தியார் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் மின்விசிறியின் இறக்கைகளை எண்ண ஆரம்பித்தார்.

“வீட்டுலதான் இருக்கு சார்” என்றார் தலைமையாசிரியர். மேடைக் குரல் அவரை விட்டுப் போயிருந்தது. “அடிக்கடி விழா வருதில்ல? அதான்… திருப்பித் தர மறந்துட்டேன்.”

ஸ்டாக்கு மனைவியின் பதில் கடிதத்தை ஒவ்வொரு வரியாக நினைவில் ஓட்டினார். அன்று ராத்திரி அவர்தான் அவள் சொல்லச் சொல்லச் சரிபார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு: ‘முன்னூறு மாதிரிகள்’ என்று இருக்க வேண்டும், நூல் வாசகரிடம் உள்ளது. அவ்வளவுதான். “எந்த வாசகர்?” என்று கேட்டபோது, “யாரோ ஒரு வாசகர். படிக்கறவங்க பேரை வெளிய சொல்லக்கூடாதுங்க” என்றாள்.

இவளும் ஒருத்தி என்று அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்த ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கோபத்தைத் திருப்பிவிட வேறு இடம் இல்லாமல் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நீங்க வந்து சொல்லுங்க சார். எங்க வீட்டு வாசல்ல. எல்லார் முன்னாடியும்.”

“கண்டிப்பா சார். கண்டிப்பா. என் பொறுப்பு.”

*

மூன்றரைக்குத் திரும்பியபோது வண்டி வந்து நின்றிருந்தது. மச்சான் தெருமுனைவரை ஓடிவந்தார். “எங்க போய்ட்டீங்க மாப்ளே? ஆளாளுக்குக் கேக்கறாங்க.” தலைமையாசிரியர் சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு வாசலில் ஏறினார். நாற்பது நாற்காலிகளைக் கண்டதும் அவருக்கு உயிர் திரும்பி வந்தது.

“பெரியோர்களே. துயரமான இந்த வேளையில் ஒரு நற்செய்தி. பள்ளி நிர்வாகத்தின் அயராத முயற்சியால், காணாமற்போன நூல்கள் அனைத்தும் இன்று கண்டெடுக்கப்பட்டுவிட்டன என்பதை…”

கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு பரவியது. மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கிடைச்சிருச்சாமே!” என்றாள் பின்வரிசைப் பெண்.

“எங்க இருந்துச்சாம்?”

“எங்கயோ வச்சிருந்திருப்பாங்க. போகட்டும், பாவம்.”

“கிடைக்கல சார்” என்றார் ஸ்டாக்கு.

எல்லோரும் திரும்பினார்கள்.

“தொலைஞ்சாத்தானே கிடைக்கும்? தொலையலன்னு சொல்லுங்க.”

“அதான் சொல்லிட்டேனே சார். ரெண்டும் ஒண்ணுதானே…”

“ஒண்ணு இல்ல சார். ல-வும் ள-வும் ஒண்ணுங்கறவங்களுக்கு வேணா இதுவும் ஒண்ணா இருக்கும். கண்டெடுத்தோம்னா அவ எங்கயோ கொண்டு போனான்னு அர்த்தம். நீங்க மெமோ குடுத்தது சரின்னு அர்த்தம். எந்தப் புத்தகமும் எங்கயும் போகல. அது அது இருந்த இடத்துல இருந்துச்சு.”

“மாப்ளே, போதும், விடுங்க” என்று மச்சான் அவர் தோளைத் தொட்டார். “நல்லதுதானே சொல்றார்.”

“ஒரே ஒரு வார்த்தை மச்சான். அதைக்கூட சரியா வாங்கித் தரலன்னா நான் எதுக்கு அவகூட இத்தனை வருஷம் இருந்தேன்?”

தலைமையாசிரியர் மௌனமாக நின்றார். கடிகாரத்தைப் பார்த்து அளக்காத மௌனம். கண்டெடுக்கப்பட்டன என்றால் தாளாளரிடம் சொல்லிக்கொள்ளலாம். தொலையவில்லை என்றால், அப்புறம் எதற்கு மெமோ, எதற்கு சீல், யார் போட்ட பட்டியல் என்று வரிசையாக வரும். எதைச் சொன்னால் எவ்வளவு போகும் என்று அவர் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டாக்கு சட்டைப் பையில் இரண்டு விரலை விட்டார். எடுக்கவில்லை. விரல் அங்கேயே இருந்தது.

“தொலையவில்லை” என்றார் தலைமையாசிரியர், தரையைப் பார்த்து.

“கேக்கல சார்” என்றாள் மகள், கூடத்திலிருந்து.

அவர் வாய் திறந்தது. அதற்குள் விளையாட்டு வாத்தியார் வாசல்படியில் இறங்கி, மைதானத்தின் மறுகோடியில் நிற்பவனைக் கூப்பிடுகிற குரலை எடுத்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

“ஒரு புத்தகம்கூட தொலையல! டீச்சர் எதையும் எடுக்கல! பட்டியலை நாங்கதான் தப்பா எழுதினோம்! நான்தான் தப்பா வாசிச்சேன்!”

அந்த ‘லை’ மட்டும் அவர் வாயில் சுத்தமாக வந்தது. சொல்லி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பெரிய கைகளைத் தொங்கவிட்டு நின்றார். பின்வரிசைப் பெண்கள் இருவரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். தலைமையாசிரியர் எழுந்தவர்களுக்கு நடுவே வழி தேடிக்கொண்டு தெருவுக்குப் போனார்.

“மணியாச்சு” என்றார் வண்டிக்காரர்.

நான்கு பேர் கூடத்துக்குள் வந்து பெட்டியின் நான்கு பக்கமும் நின்றார்கள். ஸ்டாக்கு தலைமாட்டில் போய், குனிந்து, கண்ணாடியில் கையை ஊன்றி அவள் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்தபோது, அவள் நெற்றிக்கு நேர் மேலே, ஐந்து விரலும் உள்ளங்கையும் சாம்பல் நிறத்தில் அப்பியிருந்தன. நூலகத்துத் தூசி.

மச்சான் பதறிப்போய்த் துண்டை எடுத்தார்.

“இருக்கட்டும் மச்சான்” என்றார் ஸ்டாக்கு. “தூக்குங்க.”